அதிர்வால் வழிகாட்டும் உடை: வாங்குமுன் பாதத்தைச் சோதியுங்கள்

வடசேரிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் பார்வையற்றவருக்குச் செவியே கண். நடத்துநரின் குரலையும் பேருந்தின் ஒலிப்பானையும் அருகில் வருபவரின் காலடியையும் அவர் கேட்டாக வேண்டும். அவ்வேளையில் கைப்பேசி காதருகே இடைவிடாது வழி சொல்லிக்கொண்டிருந்தால் அது இடையூறாகவே முடியும். செவியைத் தொல்லை செய்யாமல் தோலின் வழியே செய்தி சொல்லும் உடைகளும் காலணிகளும் இக்காரணத்தாலேயே உருவாக்கப்படுகின்றன.

நம் நாட்டில் இவ்வகையில் பெயர்பெற்றது 'லேசல்' காலணி. அனிருத் சர்மா, கிறிஸ்பியன் லாரன்ஸ் ஆகியோர் தொடங்கிய ஐதராபாத் நிறுவனம் 2014-இல் இதனை அறிமுகப்படுத்தியது. அப்பெயருக்கு இந்தியில் 'அழைத்துச் செல்' என்பது பொருள். செல்லுமிடத்தைக் கைப்பேசியில் குறித்துவிட்டால், வலப்புறம் திரும்ப வேண்டிய இடத்தில் வலக்காலணி அதிரும்; இடப்புறமாயின் இடக்காலணி.

எளிய ஏற்பாடுதான். ஆயினும் நம் நோயாளிகள் ஒன்றைக் கருத வேண்டும். சர்க்கரை நோயால் விழித்திரை பழுதுற்றுப் பார்வை இழந்தவர்களுள் பலருக்கு அந்நோயே பாத நரம்புகளையும் தாக்கியிருக்கும். அவ்விழப்பு பெரும்பாலும் கால்விரல்களில் தொடங்கி மேலேறும். காலணி அதிர்ந்தாலும் பாதம் அறியாது; திரும்ப வேண்டியவர் நேரே நடந்துவிடுவார்.

எனவே காலணிக்குப் பணம் செலுத்துமுன் அதிர்வுணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, கால் பெருவிரல் எலும்பின்மேல் மருத்துவர் வைப்பார். வலி இராது; சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பாதம் உணரவில்லையெனில் இடுப்புப் பட்டையைக் கருதலாம். கோயிலுக்கும் வீட்டுக்கும் வெளியே செருப்பைக் கழற்றிவிடும் நமக்கு இதுவே பொருத்தமும்கூட. சுசீந்திரத்தில் ஆடவர் சட்டையையும் கழற்ற வேண்டும். பட்டையோ வேட்டியின் மேலேயே இருக்கும். ஆனால் உடலெங்கும் தோலின் நுண்மை ஒன்றன்று. விரல்நுனி 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியிலுள்ள இரு புள்ளிகளையும் பிரித்தறியும். முதுகுக்கோ ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆகவே பட்டையில் அதிர்விகள் நன்கு விலகியிருத்தல் அவசியம். தளர்ந்த துணி அதிர்வைத் தானே விழுங்கிவிடுமாதலால், பட்டை உடலோடு படிந்திருக்க வேண்டும். இடைவிடாத அதிர்வைத் தோல் சிறிது நேரத்தில் பொருட்படுத்தாது விடும். குறுகிய துடிப்புகளே தெளிவாகப் புலப்படும்.

உடனிருப்போர் முதலில் வீட்டுக்குள்ளேயே பழக்குங்கள். அதிர்வு எப்பக்கம் என்று கேளுங்கள். பத்து முறையும் சரியாகச் சொன்ன பின்னரே தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்போதும் வெண்கோல் கையில் இருக்கட்டும். இக்கருவி திசையைச் சொல்லுமேயன்றி, முன்னே கிடக்கும் பள்ளத்தைச் சொல்லாது. உணர்வு குறைந்த தோல் மின்கலத்தின் சூட்டையும் அறியாது. பட்டையைக் கழற்றியதும் அவ்விடம் சிவந்துள்ளதா என்று நீங்களே பாருங்கள். அதிர்வியில் காந்தம் இருக்கக்கூடுமாதலால், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதய மருத்துவரைக் கேட்ட பின்னரே அணிய வேண்டும்.