தண்ணீர் வற்றினால் தீ தானே அடங்க வேண்டும்

பிரஷர் குக்கரின் மூடியில், வெயிட் உட்காரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறு உலோகக் குமிழ் இருக்கும். பாத்திரக்கடையில் சேஃப்டி வால்வு என்று கேட்டு வாங்குவது அதைத்தான். அதற்குள் குறைந்த வெப்பத்திலேயே உருகும் ஓர் உலோகக் கலவை வைத்து அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் வற்றிக் குக்கர் காய்ந்துபோனால் அது இளகி, ஆவிக்கு வழிவிட்டுவிடும். சில லிட்டர் மட்டுமே கொள்ளும் சமையல் பாத்திரத்துக்கே இந்தக் காப்பு வேண்டும் என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் இட்லி வேகவைக்க, விடுதிகளில் சாதம் வடிக்க, சத்திரப்பட்டி பக்கம் நெய்யப்படும் பேண்டேஜ் துணி போன்றவற்றை வெளுக்க என ஆவி தரும் கொதிகலன்களைப் பற்றிப் பேசும்போது, "ஆள் பார்த்துக்கொள்வார்" என்பதோடு நின்றுவிடுகிறோம். மூடிய கொதிகலன் எந்த அளவில் இருந்தாலும், தண்ணீர் குறைந்தால் தீயைத் தானே நிறுத்தும் கருவி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். விருதுநகர் மாவட்டம் போன்ற இடங்களில் அந்தக் கருவி மட்டும் இருந்தாலும் போதாது.

குளிர்நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவின் வடகிழக்கு நகரங்களில், பழைய வீடுகளின் நிலவறையில் ஒரு கொதிகலன் இருக்கும். அதன் ஆவி குழாய்களில் ஏறி அறைகளைச் சூடாக்கும். பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. இரவில் வீட்டார் உறங்கும்போதும் அது எரியும். அதனால் அங்கே 'லோ வாட்டர் கட்-ஆஃப்' என்ற கருவியைப் பொருத்துகிறார்கள். அதில் மிதவை வகை ஒன்று, தண்ணீரின் மின்கடத்தும் தன்மையை வைத்து மட்டத்தை அறியும் கம்பி வகை இன்னொன்று. மட்டம் இறங்கியதும் எரிவாயுவோ எண்ணெயோ வரும் வழி அடைபடும், தீ அந்தக் கணமே அணையும். தீமூட்டும் இயந்திரத்தை ஆளில்லாமல் விடுவதென்றால் அதை அணைக்கும் பொறுப்பையும் இயந்திரத்திடமே கொடுத்துவிட வேண்டும் என்ற எளிய நியாயம்தான் இதற்குப் பின்னால் இருப்பது.

"அழுத்தம் ஏறினால் திறந்துவிட சேஃப்டி வால்வு இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. அது அழுத்தம் எல்லை மீறுவதைத் தடுக்கும் கருவி. தண்ணீர் குறைவதால் வரும் ஆபத்துக்கு அழுத்தம் மீறவே வேண்டியதில்லை. உலையில் தீ 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டி எரிந்தாலும், மறுபக்கம் தண்ணீர் இருக்கும்வரை எஃகுத் தகட்டின் சூடு தண்ணீரின் சூட்டை ஒட்டியே இருக்கும். தண்ணீர் விலகி ஆவி மட்டும் தொடும்போது, வரும் வெப்பத்தை எடுத்துக்கொள்ள ஆளில்லை. தகடு சிவக்கத் தொடங்கும். 600 டிகிரி வாக்கில் சாதாரண எஃகு தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடுகிறது. அப்போது வழக்கமான அழுத்தமே அதைக் கிழிக்கப் போதும். சேஃப்டி வால்வு மூடியபடியே இருக்க, கலன் வெடிக்கும். வெடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. சுமார் 7 பார் அழுத்தத்தில் 170 டிகிரியில் இருக்கும் 1,000 கிலோ தண்ணீர் திடீரென்று வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு வந்தால், அதில் 130 கிலோவுக்கு மேல் நொடியில் ஆவியாகும். அந்த ஆவிக்கு 200 கன மீட்டருக்கும் அதிகமான இடம் வேண்டும். கொதிகலன் அறைக்குள் அவ்வளவு இடம் இருக்காது.

சட்டம் இந்த ஆபத்தை அறியாததல்ல. 1863இல் கல்கத்தாவில் நடந்த ஒரு கொதிகலன் வெடிப்புக்குப் பின்தான் வங்காளத்தில் முதல் சட்டம் வந்தது. பிறகு 1923ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. 2025இல் அதன் இடத்தில் புதிய சட்டம் அமலாகியிருக்கிறது. ஆனால் 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவு உள்ளவை இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருவதில்லை. கடைக்காரர்கள் 'நான்-ஐபிஆர் பாய்லர்' என்று விற்பவை இந்தச் சின்னக் கலன்களே. வெடித்தால் வெளிப்படும் ஆற்றல் குறைவு என்பது இந்த விலக்கின் நியாயம், அது சரிதான். தண்ணீர் வற்றும் வேகத்தைப் பார்த்தால் கதை தலைகீழாகிறது. மணிக்கு 100 கிலோ ஆவி தரும் கலனில் 20 லிட்டர் தண்ணீர்தான் இருக்கிறதென்றால், தண்ணீர் வரத்து நின்ற 12 நிமிடத்தில் அது முழுக்கக் காய்ந்துவிடும். அதற்கு வெகு முன்பே தகடு வெளியே தெரியத் தொடங்கும். மனிதக் கண்ணுக்கு மிகக் குறைந்த அவகாசம் தரும் கலனுக்குத்தான் ஆய்வாளரும் இல்லை, சான்று பெற்ற ஆபரேட்டரும் இல்லை. இந்த விலக்கை நீக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. தண்ணீர்க் காப்பு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது என்ற ஒற்றை விதி வந்தால் போதும்.

இனி நம் விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை அமைந்ததற்குக் காரணம் அந்தப் பகுதியின் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் ஊடே இறங்கி வரும் நிலத்தடி நீர் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு கடின நீராகிறது. கொதிக்கும்போது அந்த உப்பு பிரிந்து தகட்டில் ஓடாகப் படிகிறது, கலனின் அடியில் சேறாகத் தங்குகிறது. அந்தச் சேறு மிதவைக் கூட்டுக்குள் புகுந்தால் மிதவை மேலேயே சிக்கிக்கொள்ளும். தண்ணீர் இல்லாதபோதும் இருப்பதாகவே காட்டும். கம்பி வகையில் உப்புப் படிந்தால் பெரும்பாலும் எதிர்மாறு நடக்கும். தண்ணீர் இருந்தும் இல்லை என்று சொல்லி இயந்திரம் அடிக்கடி நிற்கும். பார்ப்பதற்கு இது பாதுகாப்பான பிழை. ஆனால் நான்கு தடவை வேலை கெட்டதும் யாரோ ஒருவர் இரண்டு ஒயரை முறுக்கிக் கருவியையே ஒதுக்கிவிடுவார். ஆகவே நீரை மென்மையாக்கும் சாதனமும், அன்றாடம் சேற்றை வெளியேற்றும் ப்ளோ டவுனும் கட்-ஆஃப் கருவியின் பகுதிகள் என்றே கொள்ள வேண்டும்.

அடுத்தது விறகு. இங்கே மலிவாகக் கிடைப்பது சீமைக்கருவேலம். எரிவாயுவை ஒரு வால்வில் நிறுத்திவிடலாம். கனன்று கிடக்கும் கருவேலங்கட்டையை எந்த வால்வாலும் நிறுத்த முடியாது. கட்-ஆஃப் கருவி காற்று ஊதும் ஃபேனை நிறுத்தும், அவ்வளவே. தணலின் சூடு அதற்குப் பிறகும் நெடுநேரம் தகட்டைத் தாக்கும். அத்தோடு கரண்ட் போனால் தண்ணீர் ஏற்றும் பம்பு உடனே நிற்கிறது, தீ நிற்பதில்லை. இதனால் விறகு எரியும் கொதிகலனுக்கு மூன்று ஏற்பாடுகள் கூடுதலாக வேண்டும். எச்சரிக்கை மணி சற்று உயரமான மட்டத்திலேயே, பேட்டரியில் ஒலிக்க வேண்டும். கரண்ட் இல்லாமலும் தண்ணீர் ஏற்ற வழி வேண்டும். கலனின் சொந்த ஆவியாலேயே இயங்கும் இன்ஜெக்டரை ஹென்றி ஜிஃபார் 1858இலேயே கண்டுபிடித்துவிட்டார். கடைசியாக, உலையின் உச்சியில் ஈயமோ வெள்ளீயமோ வைத்து அடைத்த ஃபியூசிபிள் பிளக். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். உருகினால் ஆவியும் நீரும் தீயின் மேலேயே பாயும்.

அந்தப் பிளக் வந்த கதையே "ஆள் பார்த்துக்கொள்வார்" என்பவர்களுக்குப் பதில். 1803இல் லண்டனை அடுத்த கிரீனிச்சில் ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் கொதிகலன் ஒன்று வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதைக் கவனிக்க வைத்திருந்த சிறுவன் மீன் பிடிக்கப் போயிருந்தான் என்கிறது வரலாறு. ட்ரெவிதிக் சிறுவனைத் திட்டியதோடு விடாமல், ஆளே இல்லாவிட்டாலும் வேலை செய்யும் ஈய அடைப்பைத் தன் கலன்களில் பொருத்தினார். ஆள் நிற்கும் இடத்திலும் கண் ஏமாறும். தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் முழுக்க நிரம்பியிருந்தாலும் முழுக்க வற்றியிருந்தாலும், புகை படிந்த அறையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். செலவு பற்றிய முணுமுணுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை: கலனின் விலையோடு ஒப்பிட்டால் இந்தக் கருவிகளின் விலை சிறியது.

பட்டாசுத் தொழிலில் இந்த வட்டாரம் கற்றது இதே பாடம்தான். மருந்து கலக்கும் அறைகளைத் தனித்தனியாக, இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லும் விதிகள், தொழிலாளி கவனமாக இருப்பார் என்று நம்பி எழுதப்பட்டவையல்ல; ஒருநாள் தவறும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. ஆபத்து உள்ளே இருப்பவர்களோடு நிற்பதுமில்லை: 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்தவர்களில் பலர், தீயைப் பார்த்து உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்கள்.

கொதிகலன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள், ஆபரேட்டர் பக்கத்தில் நிற்க, கருவியின் மிதவைக் கூட்டுத் தண்ணீரை வடித்துப் பாருங்கள்; மணி ஒலித்து ஃபேன் நின்றால்தான் அன்றைக்கு வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போது கேஜ் கிளாஸில் மட்டம் தெரியாமல் போனால் பம்பைப் போடாதீர்கள். சிவந்த தகட்டில் தண்ணீர் படுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஃபேனை நிறுத்துங்கள், புதிதாக விறகு போடாதீர்கள், எல்லோரையும் அறைக்கு வெளியே அனுப்புங்கள், கலன் தானாக ஆறும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள்.