விலாசம் மாறினால்...

வீடு மாறும்போது தபாலாபீஸில் புது விலாசம் எழுதிக் கொடுக்கிறோம் அல்லவா? இணையத்திலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு.

'ரிவர்ஸ் பிராக்ஸி' என்பது வாசல் சேவகன். ரஷ்ய என்ஜினீயர் இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட 'என்ஜின் எக்ஸ்' அத்தகையது. வருகிறவர் கேட்கும் பாதையைப் பார்த்து, '/படங்கள்' என்றால் ஒரு கம்ப்யூட்டருக்கும், '/கணக்கு' என்றால் வேறொன்றுக்கும் அனுப்புவான்.

பக்கம் இடம் மாறியதை அவனிடம் சொல்லாவிட்டால், வருகிறவருக்குக் கிடைப்பது 404, அதாவது 'இங்கே இல்லை' என்ற பதில்தான். சொல்லும் பொதுவான முறைகள் இரண்டு: 302 என்றால் தற்காலிக மாற்றம், 301 என்றால் நிரந்தரம்.

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். 301-ஐ வருகிறவரின் பிரௌஸர் பெரும்பாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். நீங்கள் பிழையைத் திருத்திய பின்பும், சேவகனைக் கேளாமலே தவறான இடத்துக்குப் போய் நிற்கும்!

ஆகவே முதலில் 302. எல்லாம் சரியென்று கண்ட பிறகே 301.