முதலில் அடுப்பைக் குறையுங்கள்

நெய்வேலி மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது 1930களிலேயே, ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கறுப்பாக ஏதோ வெளிப்பட்டபோதே தெரிந்துவிட்டது. ஆனால் சுரங்க வேலை முறையாகத் தொடங்க 1957 ஆயிற்று. குறுக்கே நின்ற பெரிய சிக்கல்களில் ஒன்று தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கும் நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ விசையோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மேல்மண்ணை அப்படியே அள்ளினால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு அது வந்துவிடும். அதனால் முதலில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். பிறகுதான் வெட்டுகிறார்கள். அந்த பம்புகள் இன்றும் இரவு பகலாக ஓடுகின்றன.

நம் வீட்டுக் குக்கரில் வெயிட்டைத் தூக்குகிற அழுத்தம் ஏறக்குறைய 1 கிலோதான். அதற்கே நாம் எவ்வளவு மரியாதை கொடுக்கிறோம்! விசில் அடிக்கும்போது மூடியில் கை வைப்பவர் யாரும் இல்லை.

சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, இன்று 30, 40, 60 வயதில் குடும்பமும் வேலையுமாக இருப்பவர்களிடம் மட்டும் இந்த மரியாதையை மறந்துவிடுகிறோம். அவர்கள் வாய் திறந்தால் இரண்டில் ஒரு அறிவுரை நிச்சயம். “பழசைக் கிளறாதே, மறந்துடு” என்பது ஒன்று; அது மூடியை நிரந்தரமாக இறுக்கச் சொல்வது. “எல்லாத்தையும் கொட்டிடு, மனசு லேசாயிடும்” என்பது மற்றொன்று. அது சீறிக்கொண்டிருக்கிற மூடியை நெம்பச் சொல்வது. இரண்டுமே வரிசை தெரியாத யோசனைகள். தேறுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. குக்கரின் ஒவ்வொரு பாகமாகத் தொட்டு அதைப் பார்ப்போம்.

அதற்கு முன், இது யாரோ ஒருவருடைய கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தி 2007இல் அறிக்கை வெளியிட்டது. ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் ஆண் பிள்ளைகள். செய்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். ஆய்வில் பேசிய அந்தப் பிள்ளைகள் இப்போது பெரியவர்கள். அவர்களும் நம்மோடுதான் பஸ் ஏறுகிறார்கள், ஷிஃப்டுக்குப் போகிறார்கள்.

முதல் பாகம் அடுப்பு. மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி உண்டு. ஆபத்து என்றால் யோசிக்கிற பகுதி விழித்துக்கொள்ளும் முன்பே அது தீயை ஏற்றிவிடும். உடனே அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு அடிக்கும், தசை இறுகும். ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும். இரண்டுக்கும் வழியில்லாதபோது உடம்பு உறைந்துபோகும். குழந்தைக்குப் பெரும்பாலும் நடப்பது இந்த மூன்றாவதுதான். “நான் ஏன் கத்தவில்லை?” என்று 30 வருடமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இதுதான் பதில். அது சம்மதம் கிடையாது, கோழைத்தனமும் கிடையாது. உடம்பு தானாகச் செய்த தற்காப்பு.

ஆபத்து நீங்கியதும் தீ தணிய வேண்டும். ஆனால் கொடுமை திரும்பத் திரும்ப நடந்திருந்தால், அல்லது சொல்லியும் யாரும் நம்பாமல் போயிருந்தால், அடுப்பு முழுதாக அணைவதே இல்லை. சிம்மில் எரிந்துகொண்டே இருக்கும். பிறகு ஏதோ ஒரு பவுடர் வாசனை, கதவுத் தாழ்ப்பாள் சத்தம், பின்னாலிருந்து தோளில் விழுகிற ஒரு கை போதும். சட்டென்று தீ ஏறிவிடும். நிகழ்வுக்குத் தேதியும் இடமும் குறித்து வைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற இன்னொரு பகுதியின் வேலை. பயத்தின் உச்சத்தில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. அதனால் அந்த நினைவு 1988இல் நடந்ததாக வராமல், இப்போது நடப்பதாகவே வருகிறது. தன் பிள்ளை அதே வயதை எட்டும்போது, அதுவரை அமைதியாக இருந்த அம்மாவோ அப்பாவோ திடீரெனத் தூக்கம் கெட்டுத் தவிப்பதும் இதனால்தான்.

ஆக, முதல் வேலை நினைவைத் தோண்டுவது அன்று, அடுப்பைக் குறைப்பது. மூச்சிலிருந்து தொடங்கலாம். நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெல்ல இறங்கும். கண்ணை மூட வேண்டியதில்லை. “கண்ணை மூடித் தியானம் பண்ணு” என்று எல்லோருக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. இருட்டும் அமைதியுமே சிலருக்கு ஆபத்தின் அடையாளம். அவர்கள் ஜன்னலைப் பார்த்தபடி மூச்சு விட்டால் போதும்.

மூச்சும் கைகொடுக்காத நேரத்தில் உடம்பை இந்த நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். சமையலறையில் நிற்கிறீர்கள் என்றால், ஊறுகிற அரிசிக்குள் மணிக்கட்டு வரை கையை விடுங்கள். தண்ணீரின் குளிர்ச்சி, விரலிடுக்கில் நழுவும் அரிசி, உள்ளங்காலுக்குக் கீழே தரை, வெளியே கேட்கும் சத்தம் என்று ஒவ்வொன்றாகக் கவனித்து, வாய்விட்டே சொல்லுங்கள்: “இன்னிக்கு வியாழக்கிழமை. எனக்கு 42 வயசு. இது என் வீடு.” ஹிப்போகாம்பஸ் அன்று குறிக்கத் தவறிய தேதியை நீங்கள் இன்று கையால் எழுதிக் கொடுக்கிறீர்கள்.

அடுத்தது வெயிட். சேர்ந்த நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அதன் வேலை. தினமும் வேர்க்க நடப்பது, ஒழுங்கான தூக்கம், பாட்டு, தோட்ட வேலை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அகலமான, மரம் அடர்ந்த நெய்வேலி டவுன்ஷிப் சாலைகள் நடைக்கென்றே போட்டது போல இருக்கின்றன, பயன்படுத்திக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குத் தூக்கம்தான் முதலில் கெடும். பகல் தூக்கத்துக்கு அறையை இருட்டாக்கும்போது பயம் வந்தால் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எழுதுவதும் ஒரு விசில்தான். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் சோதித்த முறை எளிது: நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை அழுத்துவதை எழுத்துப் பிழை பார்க்காமல் எழுதுவது. நம் கதைக்கு ஒரு திருத்தம் வேண்டும். முதலிலேயே அந்தச் சம்பவத்தை எழுதாதீர்கள். இன்றைய கோபம், இன்றைய பயம் என்று தொடங்குங்கள், படபடத்தால் நிறுத்திவிடுங்கள். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டாலும் பலன் உண்டு. நெய்வேலி நடராசர் கோயிலில் குறைகளை எழுதிப் போட மனுநீதி முறைப்பெட்டி என்று ஒன்றே வைத்திருக்கிறார்கள். எழுதி ஒப்படைத்தால் பாரம் இறங்கும் என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம்தான்.

வெயிட்டைக் கையால் அழுத்திப் பிடிப்பவர்களும் உண்டு. குடி, ஓயாத ஓவர்டைம், விடிய விடிய செல்போன். சத்தம் நிற்கும், அழுத்தம் நிற்காது. ஆண்களிடம் இது அதிகம் கண்ணில் படுகிறது. ஆண் பிள்ளைக்கும் இப்படி நடக்கும் என்பதை வீடு ஒப்புக்கொள்ளாததால் அவர்களுக்கு வேறு விசில் கிடைப்பதில்லை.

மூன்றாவது கேஸ்கட். வளையம் சரியாக உட்காராவிட்டால் ஆவி கசிந்துவிடும், எவ்வளவு எரித்தாலும் குக்கரில் எதுவும் சீக்கிரம் வேகாது. மனிதருக்கு அது எல்லைக்கோடு. நம் குடும்பங்களில் இதுதான் கஷ்டமான பாகம், ஏனென்றால் கொடுமை செய்த ஆள் பல நேரம் சொந்தக்காரர், அல்லது பக்கத்து குவார்ட்டர்ஸ் ‘அங்கிள்’. ஒரே வட்டத்தில் 25 வருடம் ஒன்றாக இருந்துவிட்ட குடும்பங்கள். கல்யாண மண்டபத்தில் அவரும் வருவார். “பெரியவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கு” என்று யாராவது தோளைப் பிடித்துத் தள்ளுவார்கள்.

அந்த நிமிடத்துக்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். முதலில், போகத்தான் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். போகாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். போனால், விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு அருகில் உட்காருங்கள். “முதுகு வலி, குனிய முடியாது” என்று ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள். இந்தப் பொய்க்குப் பாவம் கிடையாது. டாக்டரிடம் போகும்போதும் இதே உரிமை உண்டு. “தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள்” என்று பல் டாக்டரிடமும் மகப்பேறு டாக்டரிடமும் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது சேஃப்டி வால்வு. வெயிட் துளை அடைத்துக்கொண்டால் வால்வு தன்னைத்தானே விட்டுக்கொடுத்து ஆவியை வெளியேற்றும். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, செத்துப்போகலாம் என்ற எண்ணம், நாள்கணக்கில் மரத்துப்போவது எல்லாம் அந்த நிலைக்கு அறிகுறி. வால்வு போனதும் அடுப்பை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவோம் இல்லையா, அதையே செய்யுங்கள். அந்த நேரத்தில் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள்.

இப்போதுதான் மூடி. அழுத்தம் இறங்கி, நாலு நாள் ஒழுங்காகத் தூங்கி, நம்பத்தகுந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும் நிலை வந்த பிறகு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய புத்தகமும் இந்த வரிசையைத்தான் வலியுறுத்துகிறது: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைத்துத் துக்கம் கொண்டாடுவது, பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்வது. மூடியைத் திறக்கத் தேர்ந்த கை தேவை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு சிகிச்சைகளைச் சொல்கிறது. ஒன்று, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தை சிகிச்சை. “என் மேல்தான் தப்பு” என்ற நம்பிக்கையை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது அதில் முக்கியம். மற்றது ஈஎம்டிஆர், நினைவைக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் பின்தொடர்வது. இரண்டிலும் மூடி ஒரேயடியாகத் திறப்பதில்லை. கொஞ்சம் திறந்து, பார்த்து, மறுபடி மூடிவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார். அது அடுப்பைக் குறைக்கிற வேலை.

தெரிந்த முகங்கள் நிறைந்த ஊரில் மனநலப் பிரிவு வாசலில் உட்காரக் கூச்சமாக இருக்கும். அப்படியானால் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. சென்னையில் 2004 முதல் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை குறித்தே இயங்கும் துளிர் அமைப்பு இருக்கிறது.

கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணவனோ மனைவியோ சொல்லத் தொடங்கினால் “ஏன் அப்பவே சொல்லல?” என்று கேட்காதீர்கள். “நம்புறேன். உன் மேல தப்பு இல்ல” போதும். விவரம் தோண்டாதீர்கள். அந்த ஆளை மன்னித்தால்தான் நிம்மதி என்று உபதேசமும் வேண்டாம். மன்னிக்காமலே தேறியவர்கள் இருக்கிறார்கள்.

புகார் கொடுப்பது தேறுவதற்குக் கட்டாயம் இல்லை. விரும்பினால் கதவு திறந்தே இருக்கிறது. சென்னையில் சிறுவயதில் உறவினர் ஒருவரால் பாதிக்கப்பட்ட உயிரியல் அறிஞர் பூர்ணிமா கோவிந்தராஜுலு, கனடாவில் குடியேறிப் பல பத்தாண்டுகள் கழித்துப் புகார் கொடுக்க முனைந்தார். காலம் கடந்துவிட்டது என்ற தடை வந்தது. அவர் கையெழுத்து இயக்கம் நடத்தி, அன்றைய அமைச்சர் மேனகா காந்தி வரை கொண்டுபோனார். 2018 அக்டோபரில் மத்திய அரசு தெளிவுபடுத்தியது: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் புகாருக்குக் காலக்கெடு இல்லை, பாதிக்கப்பட்டவர் எந்த வயதிலும் கொடுக்கலாம். போக்சோ அமலுக்கு வந்தது 2012 நவம்பர் 14இல். அதற்கு முன் நடந்தவற்றுக்கு அந்தக் காலச் சட்டப் பிரிவுகள் பொருந்தும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச ஆலோசனை உண்டு. அதே ஆளின் கைக்கெட்டும் தூரத்தில் இன்று வேறு குழந்தைகள் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

உங்களுக்காகப் பேச 14416 இருக்கிறது. டெலி-மானஸ் என்ற அரசு சேவை; தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. முதல் அழைப்பிலேயே நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. “தூக்கம் வரல” என்று தொடங்கினாலே போதும்.