இடம்மாறும் புள்ளி

நிலவற்ற இரவில், நகர ஒளி எட்டாத இடத்தில் நிற்பவரின் வெறுங்கண்ணுக்கு ஏறத்தாழ ஈராயிரம் விண்மீன்கள் தென்படும். புளூட்டோ அவற்றுள் ஒன்றன்று. கண்ணுக்குப் புலப்படும் மிக மங்கலான விண்மீனைக் காட்டிலும் அது ஆயிரம் மடங்குக்கு மேல் மங்கலானது. கால் மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருந்திய தொலைநோக்கியின் வழியே அதன் ஒளி கண்ணை வந்தடையும். ஆனால், உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அதே அளவு மங்கலான விண்மீன்கள் எண்ணற்றவை அக்கருவியில் தெரியும். வியாழனைப் போல வட்டத் தட்டாகவோ, சனியைப் போல வளையத்துடனோ புளூட்டோ காட்சி தருவதில்லை. 2,377 கி.மீ. விட்டமுடைய அக்கோளம் நம் நிலவைவிடச் சிறியது. இன்று ஏறத்தாழ 500 கோடி கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. ஆதலின் அது வெறும் புள்ளி. பல்லாயிரம் புள்ளிகளுக்கிடையே அந்த ஒன்றை எதைக்கொண்டு அறிவது?

இவ்வினாவுக்கான விடை மிகப் பழையது. சங்கத் தமிழர் வானத்து ஒளிகளை நாள்மீன், கோள்மீன் எனப் பிரித்து வழங்கினர். நாள்மீன்களோடு கலந்து தோன்றும் கோள்மீன்களைப் பட்டினப்பாலை உவமையாக ஆள்கிறது. கிரேக்கரோ கோள்களை ‘அலைந்து திரிபவை’ என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். விண்மீன்கள் ஒன்றுக்கொன்று தம் இடம் மாறாது நிற்க, அவற்றினூடே நகர்வது எதுவோ அதுவே கோள். தொலைநோக்கி வந்த பின்னரும் இந்த அடிப்படை மாறவில்லை.

பண்ணை இளைஞர்

யுரேனஸின் பாதையில் காணப்பட்ட சிறு பிறழ்ச்சிகளுக்கு நெப்டியூனுக்கு அப்பாலுள்ள மற்றொரு கோளே காரணம் என அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவல் நம்பினார். அரிசோனா மாநிலத்தின் பிளாக்ஸ்டாஃப் நகரில் தாம் நிறுவிய ஆய்வகத்தில் அதனைப் பல்லாண்டுகள் தேடி, காணாமலே 1916இல் மறைந்தார். அத்தேடலைத் தொடர 1929இல் அமர்த்தப்பட்டவர் கிளைடு டோம்பா. கான்சாஸ் மாநில உழவர் வீட்டுப் பிள்ளையாகிய அவருக்கு அப்போது கல்லூரிப் படிப்பு வாய்த்திருக்கவில்லை. பழைய எந்திர உதிரிகளைக் கொண்டு தாமே தொலைநோக்கிகளை அமைத்து, அவற்றின் வழியே கண்ட செவ்வாயையும் வியாழனையும் வரைந்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். அவ்வரைபடங்களே அவருக்கு அந்த வேலையைப் பெற்றுத் தந்தன.

வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் இருமுறை கண்ணாடித் தட்டுகளில் ஒளிப்படம் எடுப்பது அவர் பணி. பின்னர் இரு தட்டுகளையும் ஒரு கருவியில் பொருத்தி, ஒன்றை அடுத்து மற்றொன்றாக மாறி மாறி விரைந்து நோக்குவார். விண்மீன்கள் அசையாதிருக்கும். நகரும் பொருள் இருப்பின் அது முன்னும் பின்னும் துள்ளும். சொல்வதற்கு எளிதாக உள்ள இம்முறை, செய்வதற்கு அத்துணை எளிதன்று. சில தட்டுகளில் விண்மீன்களின் எண்ணிக்கை இலட்சங்களைத் தொட்டது. மேலும், துள்ளும் புள்ளிகள் பல, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்கள்.

ஓடும் தொடர்வண்டியிலிருந்து நோக்கினால் அருகிலுள்ள கம்பங்கள் விரைந்து பின்னோக்கி ஓடும். தொலைவிலுள்ள மலை மெல்ல நகரும். இங்குத் தொடர்வண்டி நம் புவியே. ஞாயிற்றுக்கு நேர் எதிர்த்திசையில் உள்ள கோள்கள், புவியின் ஓட்டத்தால் பின்னோக்கி நகர்வனபோலத் தோன்றும். அருகிலிருப்பது மிகுதியாகவும் தொலைவிலிருப்பது குறைவாகவும் இடம்மாறும். வேறு சில திசைகளிலோ, அருகிலுள்ள சிறுகோள்கூட ஏறத்தாழ நின்றுவிட்டதுபோலத் தோன்றி, தொலைதூரக் கோள் என மயக்கும். ஆகவே, டோம்பா ஞாயிற்றுக்கு எதிர்த்திசையிலேயே படமெடுத்தார். அந்நிலையில், இடப்பெயர்ச்சியின் அளவே தொலைவைச் சொல்லிவிடும். அவருடைய பொறுமையைப் பலரும் புகழ்வர். இந்தத் தெளிவு அதனினும் பெரிது.

1930 சனவரி 23, 29 ஆகிய நாள்களில் மிதுன விண்மீன் தொகுதியில் எடுத்த தட்டுகளைப் பிப்ரவரி 18 அன்று அவர் ஒப்பிட்டார். ஒரு மங்கலான புள்ளி 3.5 மி.மீ. இடம்மாறியிருந்தது. சிறுகோளாயின் அது இன்னும் வெகுதொலைவு நகர்ந்திருக்க வேண்டும். நெப்டியூனுக்கும் அப்பாலுள்ள பொருள் அது என்பதை அந்த 3.5 மி.மீ. காட்டிக்கொடுத்தது. மார்ச் 13 அன்று உலகுக்கு அறிவிக்கப்பட்ட அப்பொருளுக்குப் ‘புளூட்டோ’ என்னும் பெயரை முன்மொழிந்தவர் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த, பதினொரு வயதுச் சிறுமி வெனிஷியா பர்னி.

கணக்கும் கண்டதும்

லோவலின் கணிப்பு மெய்யாயிற்று எனப் பலரும் கருதினர். அது மெய்யன்று. 1978இல் புளூட்டோவின் துணைக்கோளாகிய சாரன் கண்டறியப்பட்ட பின், புளூட்டோவின் நிறை புவியின் நிறையில் ஐந்நூற்றில் ஒரு பங்களவே எனத் தெரிந்தது. யுரேனஸை அசைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. 1915இலேயே லோவலின் ஆய்வகத் தட்டுகளில் புளூட்டோ பதிவாகியிருந்தது. எவரும் அதனை அடையாளம் காணவில்லை.

இதே கதை வேறு வடிவில் மீண்டும் நிகழ்ந்தது. மைக் பிரவுனும் அவர்தம் குழுவினரும் கலிபோர்னியாவின் பாலோமர் ஆய்வகத்தில் எடுத்த படங்களைக் கணினி ஆராய்ந்தது. ஒரு பாகையை 3,600 கூறுகளாக்கினால் வருவது ஒரு விகலை. மணிக்கு 1.5 விகலைக்கும் குறைவாக நகர்பவற்றை ஒதுக்கிவிடுமாறு கணினிக்குக் கட்டளையிட்டிருந்தனர். செட்னா என்னும் மிக மெதுவாக நகரும் பொருள் அந்த எல்லையை ஒட்டிக் கிடைத்தபின், எல்லையைத் தளர்த்திப் பழைய படங்களை மீண்டும் ஆராய்ந்தனர். 2003 அக்டோபரில் எடுத்த படங்களில் மறைந்திருந்த ஏரிஸ், 2005 சனவரியில் வெளிப்பட்டது.

விட்டத்தில் புளூட்டோவுக்கு ஏறத்தாழ நிகரான ஏரிஸ், நிறையில் அதனினும் நான்கில் ஒரு பங்கு மிகுதியானது. அதையும் கோள் எனக் கொள்வதா, புளூட்டோவை விலக்குவதா? 2006 ஆகஸ்டு 24 அன்று பிராகா நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம், தன் பாதையைச் சூழ்ந்துள்ள பிற பொருள்களை அகற்றித் தனியாட்சி செய்வதே கோள் என வரையறுத்தது. புளூட்டோ, ஏரிஸ் ஆகிய இரண்டும் குறுங்கோள்களாயின. இம்முடிவை ஏற்காத அறிஞர்கள் இன்றும் உளர்.

புளூட்டோ ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர 248 ஆண்டுகள் ஆகும். மிதுனத்தில் கண்டறியப்பட்ட அது, பாதிச் சுற்றைச் சற்றே கடந்து இப்போது மகர விண்மீன் தொகுதியில் உள்ளது. தென்வானில் அமைந்த பகுதியாதலின், பிளாக்ஸ்டாஃபைவிடத் தமிழ்நாட்டில் அது உயரத்தில், அடிவானத்திலிருந்து ஐம்பது பாகைக்கும் மேலாக எழுகிறது. சூலை இறுதியில் ஞாயிற்றுக்கு நேர் எதிரே நிற்கும். விண்மீன் வரைபடத்தின் துணையுடன் அவ்விடத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பி, தெரியும் புள்ளிகள் அனைத்தையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று இரவுகள் கழித்து மீண்டும் அதே பகுதியைக் குறித்து, இரு தாள்களையும் ஒப்பிட வேண்டும். மேகம் வழிவிட்டால், ஒரு புள்ளி மட்டும் மேற்கே சற்று விலகியிருக்கும்.