பனமரத்துப்பட்டி: ஊர் இருக்கு, ஏரி இருக்கு... தொகுதி எங்கே போச்சு?

சேலம் பூ மார்க்கெட்டில் அரளி வாங்கியவர்களுக்கு பனமரத்துப்பட்டி என்ற பெயர் நிச்சயம் தெரிந்திருக்கும். சேலத்தின் பழைய ஆட்களைக் கேட்டால் ஏரியைச் சொல்வார்கள். நகரத்துக்குக் குடிநீர் தருவதற்காகவே 1911-ல் உருவாக்கப்பட்ட ஏரி அது. ஆனால், 'பனமரத்துப்பட்டி தொகுதி' என்று கூகுளில் தேடும் முதல் தலைமுறை வாக்காளருக்குப் பழைய தேர்தல் முடிவுகள்தான் கிடைக்கும். காரணம், அப்படி ஒரு சட்டமன்றத் தொகுதி இப்போது இல்லை!

கடைசியாக அங்கே தேர்தல் நடந்தது 2006-ல். அதற்குப் பிறகு, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து தொகுதி எல்லைகளைத் திருத்தியது. 2008-ல் அது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் மொத்தத் தொகுதிகள் 234 என்பதில் மாற்றமில்லை. ஆனால், உள்ளே இருந்த கோடுகள் மாறிவிட்டன. சேலம்-1, சேலம்-2 என இரண்டாக இருந்த நகரம் வடக்கு, தெற்கு, மேற்கு என மூன்றானது. நகரம் வீங்கினால் பக்கத்தில் யாராவது இடம் கொடுக்க வேண்டுமே? தாரமங்கலம், தலைவாசல் ஆகியவற்றோடு பனமரத்துப்பட்டியும் பட்டியலிலிருந்து காணாமல்போனது.

இத்தனைக்கும் அது சாதாரணத் தொகுதி அல்ல. சட்டமன்ற சபாநாயகரையே தந்த தொகுதி. பெரியாரிடம் உதவியாளராக இருந்து, தி.மு.க-வில் எம்.பி., அமைச்சர் என வளர்ந்து, பிறகு எம்.ஜி.ஆர் பக்கம் வந்தவர் க.இராசாராம். 1980-ல் பனமரத்துப்பட்டியில் ஜெயித்து, 1985 வரை சபாநாயகர் நாற்காலியில் இருந்தார். 1984 தேர்தலிலும் தொகுதி அவரைக் கைவிடவில்லை.

1989-ல் அ.தி.மு.க ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று உடைந்து நின்றபோது, தி.மு.க-வின் எஸ்.ஆர்.சிவலிங்கம் வென்றார். 1991-ல் மீண்டும் இராசாராம். 1996-ல் மீண்டும் சிவலிங்கம். 2001-ல் அ.தி.மு.க-வின் விஜயலட்சுமி பழனிசாமி. 2006-ல் தி.மு.க-வின் ஆர்.ராஜேந்திரன்.

இந்தப் பட்டியலை எழுதிவைத்துப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 1980 முதல் 2006 வரை ஏழு தேர்தல்கள். ஏழிலும் கோட்டையைப் பிடித்த கட்சியே பனமரத்துப்பட்டியையும் பிடித்திருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை இந்த ஊர்க்காரர்கள் முன்கூட்டியே கணித்துவிடுவார்களோ என்னவோ!

கடைசி எம்.எல்.ஏ-வான ராஜேந்திரன் நகரத்துக்கு இடம்பெயர்ந்தார். 2016, 2021 இரண்டிலும் சேலம் வடக்கில் வென்று, 2024 செப்டம்பரில் சுற்றுலாத்துறை அமைச்சரானார். தலைவருக்குப் புதிய தொகுதி கிடைத்துவிட்டது. ஊருக்கு?

பனமரத்துப்பட்டி பேரூராட்சி இப்போது வீரபாண்டி தொகுதியில் இருக்கிறது. முறுக்குக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டி, சேலைக்குப் பேர்போன இளம்பிள்ளை, மல்லூர் எல்லாமே அதே தொகுதிதான். சேலத்தைச் சுற்றிய புறநகர்ப் பகுதிகளும் கிராமங்களும் கலந்த கதம்பம். தி.மு.க-வின் வீரபாண்டி எஸ்.ஆறுமுகம் குடும்பத்தின் பெயரோடு சேர்த்தே பேசப்படும் மண் இது. 2006-ல் அவர் மகன் ராஜா என்கிற ராஜேந்திரன் இங்கே ஜெயித்தார். அதே தேர்தலில் பக்கத்துப் பனமரத்துப்பட்டியில் ஜெயித்தவர் பெயரும் ராஜேந்திரன், கட்சியும் தி.மு.க. பெயர்க் குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்?

தொகுதி சீரமைப்புக்குப் பிறகு 2011-ல் எஸ்.கே.செல்வம், 2016-ல் மனோன்மணி என்று வீரபாண்டியில் அ.தி.மு.க வென்றது. ஆட்சியும் அதே கட்சிதான். 2021-ல் அ.தி.மு.க-வின் ராஜமுத்து வென்றார். ஆனால், ஆட்சிக்கு வந்தது தி.மு.க. ஆக, 1980 முதல் தொடர்ந்த கணக்கு பனமரத்துப்பட்டிக்காரர்களுக்கு அந்த ஆண்டுதான் உடைந்தது.

ஏரியின் நிலைமை இன்னும் சிக்கல். அது இருப்பது வீரபாண்டி தொகுதியில். அதன் உரிமையாளரோ சேலம் மாநகராட்சி. மேட்டூர் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியதும் நகரம் ஏரியை மெள்ள மறந்தது. சீமைக் கருவேலம் புகுந்து காடானது. அவற்றை வெட்டியெடுத்து ஏரியைச் சீரமைக்கும் வேலையை மாநகராட்சி கையிலெடுத்தது சமீப ஆண்டுகளில்தான். ஏரிக்கரையில் குடியிருப்பவர்களுக்கு மாநகராட்சித் தேர்தலில் ஓட்டு கிடையாது. ஓட்டுள்ள நகரவாசிகளோ அந்த ஏரித் தண்ணீரை இப்போது குடிப்பதில்லை.

அடுத்த தொகுதி மறுசீரமைப்பு பற்றி நாடு முழுக்க விவாதம் நடக்கிறது. தமிழ்நாட்டுக்கு எத்தனை எம்.பி-க்கள் என்பதே பேச்சாக இருக்கிறது. பனமரத்துப்பட்டியில் கேள்வி வேறு: ஏரி எந்தப் பக்கம் போகும்?