இந்தியச் சிறைகளில் இடநெருக்கடியும் ஊழலும்: காரணத் தொடர்பும் தீர்வுகளும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியச் சிறைகளின் இடநெருக்கடியும் சிறை நிர்வாகத்தில் நிலவும் ஊழலும் இருவேறு சிக்கல்களாகவே சட்டத்திலும் சீர்திருத்த அறிக்கைகளிலும் பெரிதும் அணுகப்பட்டு வந்துள்ளன. முன்னதற்குப் புதிய கட்டடங்களும் பின்னதற்குத் துறைசார் நடவடிக்கைகளும் தீர்வுகளாகக் கூறப்படுகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதையும், எனவே பிணை நடைமுறையையும் சிறை அலுவலர்களின் விருப்புரிமையையும் ஒருசேரச் சீர்செய்யாமல் இரண்டில் எதனையும் தீர்க்க இயலாது என்பதையும் புள்ளிவிவரங்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், சட்டப் பிரிவுகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிறைச் சீர்திருத்தம், விசாரணைக் கைதிகள், பிணை, இடநெருக்கடி, ஊழல், விருப்புரிமை.

1. முன்னுரை

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் நான்காம் பதிவாகச் சிறைகள் இடம்பெற்றுள்ளன. நிர்வாகம் மாநிலங்களிடம் இருப்பினும், அந்நிர்வாகத்தின் பொது அடித்தளமாக நெடுங்காலம் விளங்கியது ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1894 ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டமே ஆகும். 2023 இல் ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டத்தை வெளியிட்ட பின்னரும், பழைய சட்டத்தின் சிந்தனைமுறை முற்றிலும் அகன்றுவிடவில்லை.

அச்சிந்தனைமுறையை அச்சட்டத்தின் மூன்று பிரிவுகள் தெளிவாகக் காட்டுகின்றன. சிறையில் பாதுகாப்பாக வைக்கத்தக்க அளவினும் கைதிகள் மிகுந்து, அவர்களை வேறு சிறைக்கு மாற்றவும் இயலாதபோது தற்காலிகச் சிறைகள் அமைக்க 7 ஆம் பிரிவு வழிசெய்கிறது. கைதிகளுடன் அலுவலர்கள் எவ்வகைப் பணத் தொடர்பும் வணிகத் தொடர்பும் கொள்ளலாகாது என்கிறது 9 ஆம் பிரிவு. சிறை ஒப்பந்தங்களில் அவர்கள் ஆதாயம் பெறுவதை 10 ஆம் பிரிவு தடுக்கிறது. நெரிசலையும் கையூட்டையும் இச்சட்டம் அறிந்தே இருந்தது. ஆயினும் முன்னதை இடப் பற்றாக்குறையாகவும் பின்னதைத் தனிமனித ஒழுக்கக்கேடாகவும் மட்டுமே அது கண்டது. ஒன்று மற்றொன்றைத் தோற்றுவிக்கக்கூடும் என்ற எண்ணம் அதில் இல்லை. இப்பிரிவினையே பிற்கால அணுகுமுறைகளிலும் பெரிதும் தொடர்கிறது.

2. இடநெருக்கடியின் இயல்பு

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவர அறிக்கை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 ஆம் நாளின் நிலையைத் தருகிறது. 2019 ஆம் ஆண்டு அறிக்கையின்படி நாட்டின் சிறைகளில் 4,03,739 பேருக்கு இடமிருந்தது. 4,78,600 பேர் அடைக்கப்பட்டிருந்தனர். 2022 ஆம் ஆண்டு அறிக்கையில் கொள்ளளவு 4,36,266 ஆகவும், கைதிகளின் எண்ணிக்கை 5,73,220 ஆகவும் உயர்ந்தன. நிறைவு விகிதம் 118.5 விழுக்காட்டிலிருந்து 131.4 விழுக்காடாக ஏறியது.

இவ்விரு அறிக்கைகளையும் ஒப்பிடும்போது இரு செய்திகள் புலனாகின்றன. முதலாவதாக, கொள்ளளவு 32,527 மட்டுமே கூடியிருக்க, கைதிகளின் எண்ணிக்கை 94,620 கூடியுள்ளது. கட்டடம் எழுப்பும் வேகத்தைவிடச் சிறைப்படுத்தும் வேகம் ஏறத்தாழ மூன்று மடங்காகும். இரண்டாவதாக, இவ்வுயர்வு முழுவதும் விசாரணைக் கைதிகளால் நேர்ந்ததாகும். தண்டனைக் கைதிகள் 1,44,125 இலிருந்து 1,33,415 ஆகக் குறைந்தனர். விசாரணைக் கைதிகளோ 3,30,487 இலிருந்து 4,34,302 ஆகப் பெருகினர். 2022 இல் சிறையிலிருந்த நால்வரில் மூவர் குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். ஆகவே இந்தியச் சிறைகளின் நெரிசலைத் தண்டனை முறையின் விளைவு என்பதைக் காட்டிலும் பிணை முறையின் விளைவு எனக் கூறுவதே பொருந்தும்.

3. நெரிசல் உருவாக்கும் சந்தை

ஒரு பொருள் தேவைக்குக் குறைவாக இருந்து, அதைப் பகிர்ந்தளிக்கும் அதிகாரம் சிலர் கையில் மட்டும் இருந்து, அப்பகிர்வைப் பிறர் கண்காணிக்க இயலாத நிலையும் இருப்பின் அங்கே அப்பொருளுக்கு விலை தோன்றும். நெரிசல் மிகுந்த சிறையில் இம்மூன்றும் ஒருங்கே அமைந்துள்ளன. அங்கு விலைபெறும் பொருள்களை மூவகையாகப் பகுக்கலாம்.

முதல்வகை, உரிமைப் பொருள்கள். படுக்க இடம், குளிக்க நீர், போதிய உணவு, மருத்துவரைக் காணும் வாய்ப்பு, உறவினருடன் நேர்காணல் ஆகியவை ஒவ்வொரு கைதிக்கும் உரியவை. நூறு பேருக்கான தொகுதியில் நூற்றெண்பது பேர் அடைக்கப்படும்போது இவ்வுரிமைகள் சலுகைகளாகத் திரிகின்றன. கழிப்பறை வாயிலில் படுப்பதா, சாளரத்தின் அருகில் படுப்பதா என்பதை முடிவுசெய்பவர் அதற்கு விலை கேட்க இயலும்.

இரண்டாம் வகை, தடைசெய்யப்பட்ட பொருள்கள். அலைபேசி, புகையிலை, போதைப்பொருள் முதலியன இவ்வகையின. தொலைபேசி வசதி போதாத இடத்தில் கள்ள அலைபேசிக்குத் தேவை மிகும். 1894 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42 ஆம் பிரிவு இவற்றைக் கடத்துவோர்க்கு விதிக்கும் உயர் அளவுத் தண்டனை ஆறு திங்கள் சிறையும் 200 ரூபாய் அபராதமும் மட்டுமே.

மூன்றாம் வகை, அலுவலரின் முடிவுகள். தொகுதி மாற்றம், வெளி மருத்துவமனைக்கு அனுப்புதல், விடுப்புக்கான பரிந்துரை, நன்னடத்தை மதிப்பீடு, மனுக்களை நீதிமன்றத்திற்கு அனுப்புதல் ஆகியவை இதில் அடங்கும். முதலிரு வகைகளைப் போல இவை கண்ணுக்குப் புலப்படுவன அல்ல. எனினும் கைதியின் விடுதலையோடு நேரடித் தொடர்புடையவை இவையே.

பணியாளர் பற்றாக்குறை இச்சந்தையை மேலும் வலுப்படுத்துகிறது. ஒப்புதலளிக்கப்பட்ட சிறைப் பணியிடங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு நாடளவில் நிரப்பப்படாமல் உள்ளன. காவலர் குறையுமிடத்தில் தொகுதியின் அன்றாடக் கட்டுப்பாடு மூத்த தண்டனைக் கைதிகளிடம் செல்கிறது. சிறை அலுவலராக அமர்த்தப்படும் கைதியைப் பொது ஊழியராகக் கருதும் பிரிவு 1894 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. இவ்வாறு காவலருக்கும் கைதிக்கும் இடையே ஓர் இடைத்தரகர் அடுக்கு உருவாகிறது.

4. நீதிமன்றப் பதிவுகள் காட்டும் சான்றுகள்

சுனில் பத்ரா எதிர் தில்லி நிர்வாகம் என்னும் இரண்டாம் வழக்கு (1979) திகார் சிறையிலிருந்து உச்ச நீதிமன்றத்திற்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது. சக கைதி ஒருவரைத் தலைமைக் காவலர் கொடுமையாகத் தாக்கினார் என்பது அக்கடிதத்தின் முறையீடு. பார்க்க வரும் உறவினர் வழியாகப் பணம் பறிப்பதே அத்தாக்குதலின் நோக்கமென அவ்வழக்கில் கூறப்பட்டது. சித்திரவதைக்கு எதிரான தீர்ப்பாகவே இது பெரிதும் கற்பிக்கப்படுகிறது. கையூட்டுச் சந்தையின் வன்முறை முகத்தைப் பதிவுசெய்த ஆவணமாகவும் இதனை வாசிக்க இடமுண்டு.

இராமமூர்த்தி எதிர் கருநாடக அரசு வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் சிறைகளின் ஒன்பது சிக்கல்களைத் தொகுத்தது. நெரிசல், விசாரணைத் தாமதம், சித்திரவதை, உடல்நலப் புறக்கணிப்பு, போதாத உணவும் உடையும், சிறைத் தீயொழுக்கங்கள், தகவல்தொடர்புக் குறை, நேர்காணல் முறை, திறந்தவெளிச் சிறை மேலாண்மை என்பன அவை. இவற்றுள் ஊழல் தனித்தலைப்பாக இடம்பெறவில்லை. ஆனால் உணவு, உடல்நலம், தகவல்தொடர்பு, நேர்காணல் ஆகிய நான்கும் மேற்கூறிய உரிமைப் பொருள்களே என்பது கருதத்தக்கது.

செல்வம் படைத்த கைதிகள் பற்றிய நிகழ்வுகள் இதே சந்தையின் மறுமுனையைக் காட்டுகின்றன. பெங்களூரு பரப்பன அக்ரகாரச் சிறையில் சிறப்புச் சமையலறை உள்ளிட்ட சலுகைகள் வழங்கப்பட்டதாக 2017 இல் சிறைத்துறை உயர் அலுவலரே அறிக்கை அளித்தார். பின்னர் அமைந்த விசாரணைக் குழு விதிமீறல்கள் நேர்ந்ததை உறுதிசெய்தது. அதே சிறையில் 2024 ஆகஸ்டில் விசாரணைக் கைதியாயிருந்த திரைப்பட நடிகர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து புகைபிடிக்கும் ஒளிப்படம் வெளியாகி, சிறை அலுவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். யூனிடெக் நிறுவன வழக்கில் 2021 இல் உச்ச நீதிமன்றம் கைதிகளைத் திகாரிலிருந்து மும்பைச் சிறைகளுக்கு மாற்றியதோடு, தொடர்புடைய அலுவலர்களைப் பணியிடை நீக்கம் செய்யவும் ஆணையிட்டது. ஒவ்வொரு முறையும் அலுவலர்கள் மாற்றப்பட்டனர். சந்தைக்கு அடிப்படையான நெரிசல் மாறவில்லை.

5. ஊழல் நெரிசலை நீட்டிக்கும் வழி

நெரிசல் ஊழலை வளர்ப்பது எளிதில் விளங்கும். ஊழல் நெரிசலை வளர்க்கும் வழி அத்துணை வெளிப்படையாகத் தெரிவதில்லை. விசாரணைக் கைதி ஒருவர் வெளியேறுவதற்குப் பிணை ஆணை மட்டும் போதாது. அவருக்குரிய தாள்கள் நகர வேண்டும். நீதிமன்றத்தில் முன்னிறுத்தப்படுதல், சிறை மனு அனுப்பப்படுதல், பிணையாளர் சரிபார்க்கப்படுதல், ஆணை சிறையை வந்தடைதல் என ஒவ்வொரு கட்டமும் ஒருவருடைய கையைச் சார்ந்துள்ளது. பிணை ஆணைகள் சிறையைச் சென்றடைவதில் நேரும் தாமதத்தை 2021 இல் தாமாக முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றம், ஆணைகளை மின்னணு வழியில் அனுப்பும் ஃபாஸ்டர் முறைக்கு வழிவகுத்தது. அத்தாமதம் ஊழலால் நேர்ந்ததன்று. ஆயினும் தாள் நகர்வதே விடுதலையைத் தீர்மானிக்குமாயின், அந்நகர்வுக்கு விலை வைக்க வாய்ப்புண்டு. அவ்விலையைத் தர இயலாதவரே சிறையில் தங்கிவிடுகிறார்.

பிணையின் பண வடிவம் இதற்குத் துணைபோகிறது. மோதிராம் வழக்கில் (1978) கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்ப் பிணை கேட்கப்பட்டது. பிணையாளரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்தமையால் அதுவும் மறுக்கப்பட்டது. இதனை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. மறு ஆண்டு உசைனாரா காத்தூன் வழக்கில், தம்மீது சாட்டப்பட்ட குற்றத்திற்குரிய உயர் அளவுத் தண்டனைக் காலத்தையும் கடந்து பீகார்ச் சிறைகளில் கிடந்தோர் பலர் என்பது வெளிப்பட்டது. விரைவான விசாரணை அரசமைப்பின் 21 ஆம் உறுப்பில் அடங்கிய உரிமை என அறிவிக்கப்பட்ட பின்னரும் விசாரணைக் கைதிகளின் விகிதம் குறையவில்லை.

6. தமிழ்நாட்டு நிலை எழுப்பும் வினா

தமிழ்நாட்டுச் சிறைகளின் நிறைவு விகிதம் அண்மை அறிக்கைகளில் நூறு விழுக்காட்டிற்குக் கீழேயே உள்ளது. நெரிசல் இல்லாதவிடத்தும் சிறை ஊழல் பற்றிய புகார்கள் எழுவது இக்கட்டுரையின் கருத்தை மறுக்கிறதா என்னும் வினா இயல்பானது.

இதற்கு இரு விளக்கங்கள் உண்டு. மாநிலச் சராசரி தனிச்சிறையின் நிலையை மறைக்கக்கூடும்; ஒரு கிளைச்சிறை வெறுமையாகவும் அருகிலுள்ள மத்திய சிறை நிறைந்தும் இருக்கலாம். அதைவிட முதன்மையானது, நெரிசல் நீங்கினால் முதல்வகைப் பொருள்களின் விலை மட்டுமே குறையும் என்பதாகும். அலுவலரின் முடிவு என்னும் மூன்றாம் வகையும், கொள்முதல் ஊழலும் இடவசதியைச் சார்ந்தவை அல்ல. எனவே நெரிசலைக் குறைத்தல் இன்றியமையாத நிபந்தனை. அதுவே போதுமான நிபந்தனை ஆகாது.

7. தீர்வுகள்

7.1 நுழைவாயிலைச் சீர்செய்தல்

ஏழாண்டு வரை தண்டிக்கத்தக்க குற்றங்களில் இயந்திரத்தனமான கைது கூடாதென அர்னேஷ் குமார் வழக்கும் (2014), பிணையே விதி என்பதைக் கீழமை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த வேண்டுமெனச் சதேந்தர் குமார் அந்தில் வழக்கும் (2022) வலியுறுத்தின. பிணை வழங்கப்பட்டு ஒரு திங்களுக்குள் பிணைப்பத்திரம் அளிக்க இயலாதோரின் நிபந்தனைகளைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றங்கள் தாமாகவே ஆராயலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அதே ஆண்டு தொடங்கிய ஒன்றிய அரசின் ஏழைக் கைதிகள் உதவித் திட்டம், விசாரணைக் கைதியின் பிணைக்கு 40,000 ரூபாய் வரையிலும் தண்டனைக் கைதியின் அபராதத்திற்கு 25,000 ரூபாய் வரையிலும் உதவத் தொடக்கத்தில் இடமளித்தது. இவை முழுமையாகச் செயற்படின் புதிய சிறைகளைவிடக் குறைந்த செலவில் இடம் உருவாகும்.

7.2 விடுதலைக் கணக்கீட்டை விருப்புரிமையிலிருந்து பிரித்தல்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479 ஆம் பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் நீங்கலாக, உயர் அளவுத் தண்டனையில் பாதியைச் சிறையில் கழித்தோர்க்கும், முதன்முறைக் குற்றஞ்சாட்டப்பட்டோராயின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தோர்க்கும் விடுவிப்பு வழங்குகிறது. இது பழைய வழக்குகளுக்கும் பொருந்துமென 2024 ஆகஸ்டில் தெளிவாக்கப்பட்டது.

எனினும் இப்பிரிவில் இரு குறைகள் உள்ளன. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையிலுள்ளோர்க்கு இப்பயன் மறுக்கப்படுகிறது. ஒரே நிகழ்விலிருந்து பல குற்றச்சாட்டுகள் எழும் நிலையில் இது பலரை விலக்கிவிடும். மேலும், காலம் நிறைந்ததும் நீதிமன்றத்திற்கு விண்ணப்பிக்கும் கடமை சிறைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. கடமையைத் தெளிவாக்கியது நன்றே. ஆனால் எந்த அலுவலகத்தின் முடிவுகள் விலைபோகக்கூடியனவோ, அவ்வலுவலகத்தின் வழியாகவே இதுவும் செல்கிறது. சிறைகளில் பயன்படும் மின்னணுப் பதிவேட்டிலிருந்தே தகுதிநாள் தானாகக் கணக்கிடப்பட்டு, நீதிமன்றத்திற்கும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்திற்கும், மாவட்ட நீதிபதி தலைமையிலான விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவிற்கும், கைதிக்கும் ஒரே நாளில் தெரிவிக்கப்படுதல் வேண்டும்.

7.3 உரிமைப் பொருள்களை எண்ணத்தக்கனவாக்குதல்

நேர்காணல் முறை, தொலைபேசி நேரம், மருத்துவரைக் காணும் வரிசை, தொகுதி ஒதுக்கீடு ஆகியன எழுத்துப் பதிவாக அமைந்து, அலுவல்சாராப் பார்வையாளர்களின் ஆய்வுக்கு உட்படுமாயின் அவற்றை விற்பது கடினமாகும். இதற்கு நிரப்பப்படாத காவலர் பணியிடங்களை நிரப்புதலும், கைதிகளிடம் ஒப்படைக்கப்பட்ட மேற்பார்வையை மீட்டலும் முன்நிபந்தனைகளாகும்.

8. முடிவுரை

இந்தியச் சிறைகளின் நெரிசல், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்களின் தேக்கத்தால் விளைந்தது. அத்தேக்கம் அடிப்படை உரிமைகளை விற்பனைப் பொருள்களாக்குகிறது. அவ்விற்பனை, விடுதலைக்கான நடைமுறைகளையும் தொட்டு, பணமற்றோரின் தேக்கத்தை நீட்டிக்கிறது. ஆதலின் கட்டடப் பெருக்கமோ பணியிடை நீக்கமோ தனித்து நின்று பயன்தரா. பிணை மறுஆய்வுக்கான புள்ளிவிவரங்களும் சிறை ஊழல் தொடர்பான துறை நடவடிக்கைகளும் மாவட்ட அளவில் ஒரே குழுவின் பார்வைக்கு வைக்கப்படுவது முதற்படியாக அமையலாம். எச்சிறையில் நெரிசல் குறையும்போது எவ்வகைப் புகார்கள் குறைகின்றன, எவை நீடிக்கின்றன என்பதைத் தனிச்சிறை அளவில் ஆராய்வது இத்துறையில் மேற்கொள்ளத்தக்க அடுத்த ஆய்வாகும்.