வரி விளம்பரம் போச்சு, நிருபரும் போனார்

நாம கொடுக்கிற காசு பேப்பர் அச்சடிக்கவே பத்தாது. மிச்சம் விளம்பரத்துலதான் வரும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் அதில் பெரிய பங்கு வரி விளம்பரமா இருந்துச்சு: வாடகை வீடு, வேலை, பழைய கார்.

1995-ல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கு அனுப்ப ஆரம்பிச்ச மின்னஞ்சல் பட்டியல், பின்னாடி கிரெய்க்ஸ்லிஸ்ட் ஆச்சு. அங்கே பெரும்பாலும் இலவசம். அப்புறம் பேப்பருக்கு யார் காசு கொடுப்பாங்க? 2000-ல் சுமார் 2,000 கோடி டாலராக இருந்த அந்த வருமானம், 2012-ல் 500 கோடிக்கும் கீழே போச்சு. பொருளாதாரச் சரிவும் சேர்ந்துக்க, டென்வரின் ராக்கி மவுண்டன் நியூஸ் 2009 பிப்ரவரியில் மூடப்பட்டது. 150 வயசு ஆக இரண்டு மாசம்தான் பாக்கி!

வீடு தேடுறது சுலபமாச்சு, நல்லதுதான். ஆனா அந்த விளம்பரக் காசில்தான் ஒரு நிருபர் நகராட்சிக் கூட்டத்துக்குப் போனார். இப்போ அங்கே என்ன முடிவாகுதுன்னு ஊருக்கு யார் சொல்றது?